பிடிப்பது விரல், உழைப்பது முன்கை

ஊறவைத்த கனமான போர்வையைப் பிழிகிறவரின் கைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு மணிக்கட்டு உள்பக்கம் மடங்கும், மற்றது வெளிப்பக்கம் நிமிரும். அடுத்த முறுக்கில் இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். தண்ணீர் சொட்டு நின்ற பிறகும் மனசு கேட்காமல் கடைசியாக ஒரு முறுக்கு போடுவார்களே, அப்போது முழங்கைக்குச் சற்றுக் கீழே, கையின் மேல்புறத்தில் ஒரு தசைக்கட்டு இறுகி எழும்பும். துணி இருப்பது விரல்களுக்குள். திருகுவது மணிக்கட்டு. வேலை நடப்பதோ அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, முழங்கைக்கு அருகில்.

மறுநாள் வலிக்கும் இடமும் அதுதான். "கீழ விழல, அடிபடல, முழங்கை மட்டும் உயிர் போகுது" என்று எலும்பு மருத்துவரிடம் போய் நிற்பவர்கள் பலருக்கு அது முழங்கை மூட்டின் வலியே அல்ல. மணிக்கட்டைத் தூக்கி நிறுத்தும் தசையின் வலி. இந்த விலாசக் குழப்பம் தெரியாததால்தான் மூட்டுக்குத் தைலம் தேய்த்து, கையில் கிரேப் பேண்டேஜ் சுற்றி, மாதக்கணக்கில் ஓட்டுகிறோம்.

சதை இல்லாத மூட்டு

உங்கள் மணிக்கட்டைச் சுற்றித் தொட்டுப் பாருங்கள். தோல், எலும்பு, கயிறு போல ஓடும் சில நாண்கள். சதை என்று சொல்லும்படி ஒன்றும் அகப்படாது. உடம்பிலேயே அதிகம் வேலை செய்யும் மூட்டுகளில் ஒன்றான இதற்குச் சொந்தமாகத் தசை கிடையாது. எல்லாம் முன்கையிலிருந்துதான் வருகிறது.

முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. இவற்றின் முனையில் எட்டுச் சிறு எலும்புகள், நான்கு நான்காக இரண்டு வரிசை. அதற்கப்பால் உள்ளங்கையின் ஐந்து நீள எலும்புகள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. முதல் வரிசை எலும்புகளில் எந்த முன்கைத் தசையும் வந்து பிடிப்பதில்லை. சுண்டுவிரல் பக்கம் பட்டாணி அளவில் துருத்தி நிற்கும் ஒன்று மட்டும் விதிவிலக்கு. மற்ற நாண்கள் எல்லாம் எட்டு எலும்புகளையும் தாண்டிப் போய் உள்ளங்கை எலும்புகளின் அடியைப் பற்றுகின்றன. அவை இழுக்கும்போது உள்ளங்கை நகர்கிறது. இடையில் மாட்டிக்கொண்ட சிறு எலும்புகள் தள்ளுப்பட்டு, அழுத்தப்பட்டு, தசைநார்களின் பிடிக்குள் சறுக்கித் தாமாகவே இடம் மாறிக்கொள்கின்றன. மணிக்கட்டு வழுவழுவென்று எந்தப் பக்கமும் வளைவதன் ரகசியம் இந்த இடைவரிசை.

முன்கைத் தசைகள் மொத்தம் சுமார் 20. உள்ளங்கைப் பக்கம் இருப்பவை மடக்கும், புறங்கைப் பக்கம் இருப்பவை நிமிர்த்தும் என்று மொத்தமாகப் பிரித்துக்கொள்ளலாம். முழங்கையின் உள்பக்கம் ஒரு எலும்பு மேடு கைக்குத் தட்டுப்படும். மடக்கும் தசைகளில் மேலடுக்கு முழுக்க அங்கிருந்து கிளம்புகிறது. வெளிப்பக்கம் உள்ள மேட்டிலிருந்தும் அதையொட்டிய விளிம்பிலிருந்தும் கிளம்புபவை நிமிர்த்தும் தசைகள். முழங்கை அருகே பருத்துக் கிளம்பும் இவை பாதி வழியிலேயே சதையை விட்டு மெல்லிய நாண்களாகிவிடுகின்றன. அதன் பிறகு சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரிதான்: பிடி ஒரு முனையில், வேலை மறுமுனையில், நடுவே உறைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும் கம்பி. புறங்கைப் பக்கம் மட்டும் இப்படி ஆறு உறைகள் வரிசையாக இருக்கின்றன.

ஏன் இப்படி? தசை முழுவதும் மணிக்கட்டைச் சுற்றி இருந்திருந்தால் கையின் நுனி கனத்துப்போயிருக்கும். கனத்த நுனியை வேகமாக வீசவும் முடியாது, வீசியதைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது. எடையை முழங்கைப் பக்கம் ஒதுக்கிவைத்ததால்தான் மிருதங்கக்காரரால் அந்த வேகத்தில் வாசிக்க முடிகிறது, ஊசியில் நூல் கோக்க முடிகிறது.

எதிரிகளும் கூட்டாளிகளும்

விரல்களை விட்டுவிட்டு மணிக்கட்டை மட்டும் அசைக்கும் தசைகளை எண்ணினால் ஆறுதான். மடக்க மூன்று, நிமிர்த்த மூன்று. மடக்குபவற்றில் ஒன்று கட்டைவிரல் பக்கம், ஒன்று சுண்டுவிரல் பக்கம், ஒன்று நடுவில். நிமிர்த்துபவற்றில் இரண்டு கட்டைவிரல் பக்கமாக அடுத்தடுத்து ஓடுகின்றன. மூன்றாவது சுண்டுவிரல் பக்கம்.

இந்த ஆறும் அணி மாறி அணி மாறி விளையாடுவதுதான் அழகு. இரண்டு பக்க மடக்குத் தசைகளும் சேர்ந்து இழுத்தால் கை உள்பக்கம் சுமார் 80 டிகிரி மடங்கும். நிமிர்த்தும் தசைகள் சேர்ந்தால் வெளிப்பக்கம் 70 டிகிரி வரை போகும். கட்டைவிரல் பக்கத்து மடக்குத் தசையும் அதே பக்கத்து நிமிர்த்தும் தசைகளும் ஒன்றாக இழுத்தால்? மடக்குவதும் நிமிர்த்துவதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, கை கட்டைவிரல் பக்கமாக 20 டிகிரி சாயும். சுண்டுவிரல் பக்கத்து ஜோடி சேர்ந்தால் அந்தப் பக்கம் 30 டிகிரி. ஒரு நொடிக்கு முன் எதிரெதிராக நின்ற தசைகள் அடுத்த நொடி ஒரே கட்சி. ஆறும் ஒரே நேரத்தில் இறுகினால் மணிக்கட்டு எந்தப் பக்கமும் நகராமல் கட்டையாக நிற்கும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது நடப்பது அதுதான். வெளியே பார்ப்பவருக்கு மணிக்கட்டு சும்மா இருப்பதாகத் தெரியும். முன்கையைத் தொட்டுப் பார்த்தால்தான் அங்கே நடக்கும் இழுபறி புரியும்.

சாவி திருகுவது, கதவுக் குமிழைச் சுற்றுவது இந்தக் கணக்கில் வராது. அதை மணிக்கட்டின் வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் சுழல்வது முன்கை. உள்ளங்கை மேலே பார்க்கும்போது இரண்டு எலும்புகளும் இணையாகக் கிடக்கும். கவிழ்த்தால் ரேடியஸ், அல்னாவின் மேல் குறுக்காகப் புரண்டு படுக்கும், உள்ளங்கையும் கூடவே திரும்பும். இதில் மேல்கையின் பைசெப்ஸுக்கும் பங்கு உண்டு. வலக்கைக்காரர் ஸ்குரூவை இறுக்குவதற்குத் துணை நிற்கும் பெரிய தசை அதுதான்.

நடுவில் ஓடும் மடக்குத் தசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துவைத்து மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். நட்டநடுவில் ஒரு நாண் விறைத்து எழுந்தால் உங்களுக்குப் பால்மாரிஸ் லாங்கஸ் இருக்கிறது. எழாவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. சுமார் 15 சதவீதம் பேருக்கு ஒரு கையிலோ இரு கைகளிலுமோ அது இருக்காது, இல்லாததால் பிடியின் பலம் குறைவதும் இல்லை. இப்படி ஒரு உபரி நாண் தோலுக்கடியிலேயே கிடைப்பது அறுவை மருத்துவர்களுக்கு வசதியாகப் போயிற்று. 1974-ல் அமெரிக்க பேஸ்பால் வீரர் டாமி ஜானின் முழங்கைத் தசைநார் அறுந்தபோது, டாக்டர் ஃபிராங்க் ஜோப் எடுத்துவைத்துத் தைத்தது அவருடைய முன்கையின் இந்த நாணைத்தான். ஜான் அதன் பிறகும் பல ஆண்டுகள் பந்து வீசினார். அந்த அறுவைச் சிகிச்சைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

முஷ்டிக்குள் ஒரு ரகசியம்

இனி வருவதுதான் இந்தக் கட்டுரை எழுதப்படக் காரணம். கையைத் தளரவிட்டு, பிறகு இறுக்கமாக முஷ்டி மடக்குங்கள். மடங்குவது விரல்கள். ஆனால் நீங்கள் கேட்காமலேயே மணிக்கட்டு பின்பக்கமாகக் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வதைப் பார்க்கலாம். இப்போது மணிக்கட்டை உள்பக்கம் முழுதாக மடக்கி வைத்துக்கொண்டு அதே முஷ்டியைப் பிடியுங்கள். விரல்கள் உள்ளங்கையைத் தொடவே திணறும். அந்தப் பிடியிலிருந்து ஒரு பேனாவை யாரும் உருவிவிடலாம். எதிராளி கையில் பிடித்திருப்பதைப் பறிக்க அவன் மணிக்கட்டை உள்பக்கம் வளைக்க வேண்டும் என்று தற்காப்புக் கலை ஆசான்கள் சொல்லித்தருவது இதை வைத்துத்தான்.

காரணம் எளிது. விரல்களை மடக்கும் நீண்ட தசைகளும் முன்கையில் இருப்பவை, அவற்றின் நாண்களும் மணிக்கட்டைக் கடந்துதான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டை முதலிலேயே மடக்கிவிட்டால் அந்தத் தசைகள் தம் சுருக்கத்தில் பெரும்பகுதியை அங்கேயே செலவழித்துவிடுகின்றன. விரலுக்கு மிச்சம் இருப்பதில்லை. போதாக்குறைக்குப் புறங்கைப் பக்கத்து நாண்கள் விறைத்து நின்று விரலைப் பின்னால் இழுக்கின்றன. மணிக்கட்டு நிமிர்ந்திருந்தால் கதையே வேறு. பிடி உச்ச பலத்தில் இருப்பது மணிக்கட்டு சுமார் 35 டிகிரி நிமிர்ந்து, சுண்டுவிரல் பக்கம் துளி சாய்ந்திருக்கும்போது என்று அளந்திருக்கிறார்கள். இதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஆக, எதைப் பிடித்தாலும் புறங்கைப் பக்கத்துத் தசைகள் வேலையில் இறங்கியாக வேண்டும். விரலை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து மடக்கப் பார்க்கும், அதை எதிர்த்து நிமிர்த்திப் பிடிப்பது இவற்றின் பொறுப்பு. அரிவாள்மணையில் காய் நறுக்கினாலும், கரண்டியால் கிளறினாலும், பைக் ஆக்சிலரேட்டரைத் திருகிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினாலும் இவை ஓய்வெடுப்பதில்லை. மடக்கும் தசைக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இவை மெலிந்தவை. ஜிம்மில் கண்ணாடி முன் நின்று மணிக்கட்டை மடக்கி மடக்கி டம்பெல் தூக்கும் இளைஞர்கள் ஏற்கெனவே கொழுத்த பக்கத்தையே மேலும் கொழுக்கவைக்கிறார்கள். என்னைக் கேட்டால், கையைக் கவிழ்த்துவைத்துச் செய்யும் பயிற்சிக்கே அங்கே முதல் இடம் தருவேன்.

விரலும் மணிக்கட்டும் இப்படிப் பிணைந்திருப்பது சிலருக்கு வாழ்வாதாரம். கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் ஒரு சாராருக்கு விரல்கள் முழுதாகச் செயலிழந்திருக்கும், மணிக்கட்டை நிமிர்த்தும் தசை மட்டும் தப்பியிருக்கும். அவர்கள் மணிக்கட்டைத் தூக்கும்போது, செயலற்ற விரல் நாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாக மூடும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் திறக்கும். அதை வைத்தே டம்ளர் எடுப்பார்கள், ஸ்பூன் பிடிப்பார்கள். இதற்காகவே இயன்முறை மருத்துவர்கள் இவர்களின் விரல்களை முழுதாக நீட்டி இளக்கிவிட மாட்டார்கள், நாண்கள் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்க விடுவார்கள். வீட்டில் பாசத்தோடு விரல்களை நீவி நீவி நிமிர்த்துகிற உறவினர்கள் அந்தப் பிடியைக் கெடுத்துவிடுவது உண்டு.

ஓவியம் ஒன்று, இளநீர் ஒன்று

நெதர்லாந்தில் தி ஹேக் நகர மொரிட்ஸ்ஹாவுஸ் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்ட் 1632-ல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. டாக்டர் நிகோலஸ் துல்ப் என்ற ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் உடற்கூறியல் பாடம் எடுக்கும் காட்சி. மேசையில் கிடப்பது தூக்கிலிடப்பட்ட ஒரு திருடனின் உடல். வயிறு அறுக்கப்படவில்லை, மார்பும் அறுக்கப்படவில்லை. இடது முன்கை மட்டும் திறந்திருக்கிறது. துல்ப் வலக்கையிலிருக்கும் இடுக்கியால் விரல்களை மடக்கும் தசைகளைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். தன் இடக்கை விரல்களையோ பாதி மடக்கிக் காற்றில் காட்டுகிறார். இந்தத் தசை இழுத்தால் விரல் இப்படி மடங்கும் என்பது பாடம். சுற்றி நிற்பவர்களில் சிலர் தசையைப் பார்க்கவில்லை, ஆசிரியரின் உயிருள்ள கையைப் பார்க்கிறார்கள். அப்போது ரெம்பிராண்டுக்கு வயது 25. அதற்குச் சுமார் 90 ஆண்டுகளுக்கு முன், 1543-ல் வெளிவந்த வெசாலியஸின் புகழ்பெற்ற உடற்கூறியல் நூலிலும் ஆசிரியர் தன் உருவப்படத்துக்குத் தேர்ந்துகொண்ட உறுப்பு அறுத்துத் திறந்த கைதான். இதயத்தையோ மூளையையோ விட்டு இருவரும் கையிடம் வந்து நின்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. காரணமும் காரியமும் ஒரு முழ தூரத்துக்குள், கண்ணெதிரே நடக்கும் வேறு இடம் உடம்பில் எங்கே இருக்கிறது?

அந்தக் காரணகாரியத்தைப் பார்க்க ஹேக் வரை போக வேண்டியதில்லை, சாலையோரம் இளநீர் சீவுகிறவர் போதும். அரிவாளை ஓங்கும்போது அவர் மணிக்கட்டு பின்பக்கமும் கட்டைவிரல் பக்கமும் ஒருசேரச் சாய்ந்திருக்கும். இறங்கும்போது உள்பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் ஒருசேர வந்து விழும். நேராக மேலும் கீழும் அல்ல, நேராகப் பக்கவாட்டிலும் அல்ல, குறுக்கே ஒரு சாய்கோடு. கல் எறிவது, சுத்தியல் அடிப்பது, கோடாலி போடுவது எல்லாம் இந்தக் கோட்டில்தான். இந்த அசைவில் மட்டும் முதல் வரிசைச் சிறு எலும்புகள் ஏறக்குறைய அசையாமல் நிற்கின்றன, இரண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள மூட்டு வேலையைப் பார்க்கிறது. ஓங்க இழுப்பவை கட்டைவிரல் பக்கத்து நிமிர்த்தும் தசைகள். இறக்குவது சுண்டுவிரல் பக்கத்து மடக்குத் தசை. மணிக்கட்டை அசைக்கும் ஆறு தசைகளில் மிக வலியது இதுதான். கல்லாயுதம் செய்த காலத்திலிருந்து நமக்கு அடிப்பதற்கும் எறிவதற்கும்தான் பலம் தேவைப்பட்டிருக்கிறது என்று மானுடவியலாளர்கள் இதை விளக்குகிறார்கள். இளநீர்க்காரரைப் பார்த்தால் மறுக்கத் தோன்றாது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு முத்தையா முரளிதரனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. ஆஃப் ஸ்பின்னர்கள் பொதுவாக விரலால் சுழற்றுவார்கள். கண்டியிலிருந்து வந்த இந்தத் தமிழர் மணிக்கட்டால் சுழற்றினார். பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கை, அசாதாரணமாக வளையும் மணிக்கட்டு. 1995-ல் மெல்போர்னில் நடுவர் நோபால் கொடுத்தது முழங்கையைப் பார்த்து. பெர்த்திலும் ஹாங்காங்கிலும் ஆய்வகங்களில் அவர் கையை அளந்தார்கள். 2010-ல் காலியில் 800-வது விக்கெட்டோடு அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றபோதும் விவாதம் முழங்கையைப் பற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பந்தைத் திருப்பிய மணிக்கட்டைப் பற்றி இன்னும் நிறையப் பேசியிருக்கலாம்.

வலி எங்கே, நோய் எங்கே

தொடக்கத்தில் சொன்ன போர்வைக்கு வருவோம். முழங்கையின் வெளிமேட்டிலிருந்து கிளம்பி நடுவிரலின் உள்ளங்கை எலும்பைப் பற்றும் ஒரு நிமிர்த்தும் தசை இருக்கிறது. 'டென்னிஸ் எல்போ' என்று சீட்டில் எழுதப்படும் வலி பெரும்பாலும் இதன் வேர் நைந்துபோவதால் வருவது. 35 வயதுக்கு மேல், 55-க்குள் அதிகம். வருபவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர்கள் அல்ல. தச்சர்கள், பெயின்டர்கள், சமையல்காரர்கள், நாளெல்லாம் மவுஸ் பிடிப்பவர்கள், துணி துவைப்பவர்கள். கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, குக்கரையோ தண்ணீர்ப் பாட்டிலையோ தூக்கும்போது சுரீர் என்று பிடித்தால் சந்தேகமே வேண்டாம். வலி உள்பக்க மேட்டில் இருந்தால் மடக்கும் தசைகளின் வேரில் கோளாறு.

நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த நாணில் பெரிய வீக்கம் இருப்பதில்லை. இழைகள் ஒழுங்கு குலைந்து, பழைய கயிறு மாதிரி பிரிந்து கிடக்கும். அதனால்தான் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்களுக்குச் சொர்க்கமாக இருந்தாலும், ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போடாமல் பொறுத்திருந்தவர்களே நன்றாக இருக்கிறார்கள். இதை ஒன்றுக்கு மேற்பட்ட நல்ல ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனாலும், "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர், நாளைக்குக் கல்யாணம் இருக்கு" என்று கேட்கிற நாமும், கேட்டதும் போட்டுவிடுகிற மருத்துவர்களும் குறையவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடும் வலி இது. அதுவரை பளுவைக் கவிழ்ந்த கையால் எடுக்காமல், உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை மடக்கி, உடம்போடு ஒட்டிப் பிடித்து எடுத்தாலே பாதி பாரம் குறையும். மீதிக்குப் பயிற்சி. முன்கையை மேசையில் கவிழ்த்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்க, அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றக் கையின் உதவியோடு மேலே தூக்கி, உதவியை விட்டுவிட்டு மெதுவாக, மிக மெதுவாக இறக்குங்கள். தூக்குவதைவிட இறக்குவதுதான் நாணைத் தேற்றும். எத்தனை முறை, எவ்வளவு எடை என்பதை இயன்முறை மருத்துவர் கையைப் பார்த்துச் சொல்லட்டும்.

இளந்தாய்மார்களுக்கு வருவது வேறு. குழந்தையின் இரு அக்குளிலும் கைகொடுத்து, கட்டைவிரலை அகல விரித்துத் தூக்கித் தூக்கி, மணிக்கட்டில் கட்டைவிரல் அடியில் வலி. அங்கே கட்டைவிரலை விரிக்கும் இரண்டு நாண்கள் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன, உறை தடித்து நாண் உரசுகிறது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வான் 1895-ல் விவரித்தது. குழந்தையின் பிட்டத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஏந்தி எடுத்தால் இந்த உரசல் குறையும். இரவில் விரல்கள் மரத்துப்போய், கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள் என்றால் அது இன்னொன்று. மணிக்கட்டின் உள்பக்கச் சுரங்கத்தில் ஒன்பது நாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போகும் மீடியன் நரம்பு நசுங்குகிறது. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், தைராய்டு குறைந்தவர்களிடம் அதிகம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கடன் கொடுத்த தசை

மேல்கை எலும்பைப் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு ரேடியல் நரம்பு இறங்குகிறது. நிமிர்த்தும் தசைகள் எல்லாம் இதன் கட்டுப்பாட்டில். அந்த எலும்பு முறிந்தாலோ, போதையில் நாற்காலி முதுகின் மேல் கையைத் தொங்கப்போட்டுத் தூங்கினாலோ நரம்பு அடிபடும். காலையில் மணிக்கட்டு தொங்கிக் கிடக்கும், தூக்க முடியாது. இப்படி வந்தவரிடம் மருத்துவரின் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் பிடி சோர்ந்துபோயிருக்கும், மடக்கும் தசைகளுக்கு ஒரு குறையும் இல்லாதபோதும். தொங்கும் மணிக்கட்டை மருத்துவர் தன் கையால் நிமிர்த்தித் தாங்கிக்கொண்டு மறுபடி பிடிக்கச் சொன்னால் பிடி உடனே பலமாகும். முஷ்டியின் ரகசியத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தூக்கத்தில் நசுங்கிய நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டுவிடும். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்திவைக்கும் ஒரு பட்டை போதும். மீளாதவர்களுக்கு, பழுதில்லாத பக்கத்திலிருந்து ஒரு தசைநாணைக் கழற்றிப் பழுதான பக்கத்தில் தைக்கும் முறையை முதல் உலகப்போர் காலத்தில் பிரிட்டனின் ராபர்ட் ஜோன்ஸ் வளர்த்தெடுத்தார்.

அந்தக் கலை உச்சத்துக்குப் போனது நம் வேலூரில். பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனரிப் பெற்றோரின் மகன். லண்டனில் அறுவைச் சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அங்கிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேனோடு நடந்துகொண்டே நோயாளிகளின் மடங்கிய கைகளைப் பார்த்தார். ஒருவரிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடியே இருக்காது என்று நினைத்தவருக்கு வலி தாங்கவில்லை, அவ்வளவு பலம். செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த கையில் முன்கைத் தசைகள் உயிரோடு இருக்கின்றன என்று அந்த நொடியில் புரிந்ததாகப் பின்னாளில் எழுதினார்.

தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடங்கள்தான் பிடிக்கும். தோலை ஒட்டி நரம்பு ஓடும் இடங்களில், அதாவது முழங்கையின் உள்பக்கப் பள்ளத்திலும் மணிக்கட்டிலும் அது நரம்பைத் தாக்குகிறது. அதற்குக் கீழே உள்ள, உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் கொக்கி போல வளைகின்றன. முன்கையின் ஆழத்தில், வெதுவெதுப்பில் இருக்கும் தசைகள் பலவும் தப்பிவிடுகின்றன. மணிக்கட்டை நிமிர்த்தும் நரம்பைத் தொழுநோய் அபூர்வமாகவே தொடும்.

பிராண்ட் வகுத்த அறுவைச் சிகிச்சைகளில் ஒன்று இப்படி: கட்டைவிரல் பக்கம் இரண்டு நிமிர்த்தும் தசைகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றின் நாணை உள்ளங்கை எலும்பிலிருந்து கழற்றுவது. காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணை அதோடு ஒட்டுப்போட்டு நீளமாக்குவது. அதை நான்காகப் பிரித்து, உள்ளங்கைக்குள் நுழைத்து, நான்கு விரல்களிலும் தைப்பது. ஒன்றைக் கடன் கொடுத்தாலும் மற்ற இரண்டும் மணிக்கட்டைத் தாங்கிக்கொள்ளும். எந்தத் தசையைக் கடன் வாங்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. மணிக்கட்டை அசைக்கும் தசை சுருங்கும்போது அதன் நாண் சுமார் 33 மில்லிமீட்டர் நகரும், விரலை நீட்டும் நாண் 50, விரலை மடக்கும் நாண் 70. இந்த வீச்சும் தசையின் பலமும் புதிய வேலைக்குப் பொருந்த வேண்டும். பிராண்ட் சகாக்களோடு முன்கைத் தசை ஒவ்வொன்றின் பலத்தையும் வீச்சையும் அளந்து 1981-ல் வெளியிட்ட அட்டவணையை இன்றும் கை அறுவை மருத்துவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

தையல் பிரித்த பிறகு நோயாளி விரலை மடக்க நினைத்தால் ஒன்றும் நடக்காது. மணிக்கட்டைத் தூக்க நினைக்க வேண்டும். நினைத்ததும் விரல்கள் அடிமூட்டில் மடங்கும். முதலில் குழம்புவார்கள், ஆனால் மூளை இதைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறது. பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டு நிமிர்வது பிறந்ததிலிருந்து பழகிய ஜோடிதானே. வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் உருவான இந்தப் பாடத்தைக் கற்க உலகெங்குமிருந்து மருத்துவர்கள் வந்தார்கள். பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய், 2003-ல் காலமானார்.

தொழுநோய் ஒழிந்துவிட்டதாக நினைக்கிறோம். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் பாதிக்கும் மேல் இன்னமும் இந்தியர்கள். உணர்ச்சி குறைந்த வெளிறிய தேமலோ, சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போவதோ, விரல்கள் மெல்ல வளைவதோ தெரிந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம். ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் நோய் குணமாகும். நரம்பு செத்துவிட்டால் மட்டும் மருந்தால் அதை மீட்க முடியாது.